பாஸ்கராவும் எங்க ஊர் ஏரியும்

எங்க தர்மபுரி பக்கம் ஏரின்னா, பாதி வருஷம் அது மாடு மேயுற இடம்தான். எந்த வருஷம் நிரம்புச்சு, தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு கேட்டா ஊர்ல ஆளுக்கொரு கணக்கு சொல்வாங்க. மேலேயிருந்து யாராவது பார்த்துக் குறிச்சு வச்சிருந்தா? அதுக்கு இந்தியா எடுத்து வச்ச முதல் அடிதான் பாஸ்கரா-1.

1979 ஜூன் 7 அன்னிக்கு சோவியத் ராக்கெட்ல, கபுஸ்தின் யார் தளத்துலேருந்து கிளம்புச்சு. எடை 442 கிலோ. உயரம் 519க்கும் 541 கிலோமீட்டருக்கும் நடுவுல. ரெண்டு டிவி கேமரா, கூடவே கடலையும் காத்து ஈரத்தையும் பார்க்க ஒரு மைக்ரோவேவ் கருவி. கேமரா ஆரம்பத்துலயே தகராறு பண்ணி, 1980லதான் படம் வந்துச்சு. 1981 நவம்பர் 20ல போன பாஸ்கரா-2 ரெண்டாயிரத்துக்கு மேல படம் அனுப்புச்சு.

ஆனா ரெண்டு சிக்கல். படத்துல ஒரு புள்ளின்னா தரையில 1 கிலோமீட்டர். பெரிய ஏரியே ஒத்தப் புள்ளிதான்! அடுத்தது பாதை. நிலநடுக்கோட்டுக்கு 50 டிகிரி சாய்வா சுத்துனதால, நம்ம தலைக்கு மேல வர்ற நேரம் தினமும் 20 நிமிஷத்துக்கு மேல மாறிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் காலை வெயில், இன்னொரு நாள் சாயங்கால வெயில். படத்துல தண்ணியும் கறுப்பு, மலை நிழலும் கறுப்பு. நம்ம மாவட்டமோ சுத்தி மலை. நிழல் இடம் மாறினா எது ஏரி, எது நிழல்?

இதுக்கு விடை 1988 மார்ச் 17ல பைகானூர்லேருந்து போன ஐ.ஆர்.எஸ்-1ஏ. உயரம் 904 கிலோமீட்டர், சாய்வு 99 டிகிரி. பூமி நடுவுல கொஞ்சம் பருத்திருக்கறதால, இந்தச் சாய்வுல பாதையே நாளுக்கு ஒரு டிகிரி திரும்பும். சூரியன் நகர்ற அதே கணக்கு! அதனால எப்ப வந்தாலும் காலை பத்தரை மணிவாக்கில்தான் வரும். 22 நாளைக்கு ஒரு தடவை அதே இடம். அமெரிக்காவோட லேண்ட்சாட் 1972லேயே பிடிச்ச வழிதான் இது. இதுல நல்ல கேமராவுக்குப் புள்ளி 36 மீட்டர். பாஸ்கராவுல ஒரு புள்ளியா தெரிஞ்ச ஏரி, இதுல எழுநூறுக்கு மேல புள்ளி.

1996 வரைக்கும் உழைச்சுது. ஏரிக்குள்ள வீடு கட்டிட்டு "இங்க எப்பங்க தண்ணி நின்னுச்சு?"ன்னு கேக்குறவங்களுக்கு, 1988லேருந்து நம்ம சொந்த சாட்சி ஒண்ணு மேல இருந்துச்சு. அந்தப் படங்களை எடுத்துப் பார்க்க வேண்டியது மட்டும்தான் நம்ம வேலை.