காரைதீவு மாணவனும் மிசன் பள்ளியும்

வீரமுனைக்குக் கிழக்கே, கடலோரத்தில் அமைந்த ஊர் காரைதீவு. விபுலாநந்த அடிகள் மயில்வாகனன் என்னும் பெயருடன் 1892இல் தோன்றியது அங்கேதான். அந்நாளில் இக்கரையில் ஆங்கிலக் கல்வி வேண்டுவோர்க்கு மிசன் பள்ளிகளே புகல். 1814இல் மட்டக்களப்பு வந்த மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் ஓராண்டு நிறையுமுன் மாண்டார். அவர் தொடங்கிய பள்ளிப்பணியோ நிலைத்தது. அங்கே எழுத்தோடு வேதாகமமும் புகட்டப்பட்டது. முஸ்லிம் பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்பவே தயங்கினர். சைவர்க்கும் அச்சந்தான், பிள்ளை படிக்கவும் வேண்டும், மதம் மாறாதிருக்கவும் வேண்டும்! மயில்வாகனனோ கல்முனையில் மெதடிஸ்தரிடமும், மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, சைவராகவே வெளிவந்தார். பின்னர் 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். பாதிரிமார் கைக்கொண்ட பள்ளியென்னும் கருவியையே அவரும் எடுத்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.