முதலாளி திரும்பி வராத தையற்கூடம்

1991 முதல் ஒரு பெசோ ஒரு டாலருக்குச் சமம் என்று அர்ஜென்டினா அரசு கட்டிப்போட்டிருந்தது. இறக்குமதிச் சரக்கு மலிவாக வந்து குவிய, உள்ளூர் ஆலைகள் ஒவ்வொன்றாக நொடித்துப்போயின. 2001 டிசம்பரில் வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு மக்கள் தெருவில் இறங்கினார்கள். 20ஆம் தேதி அதிபர் டெ லா ருவா பதவி விலகி, மாளிகைக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் வெளியேறினார்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், தலைநகர் புவெனஸ் ஐரெஸில் கோட்டு சூட்டு தைக்கும் ப்ருக்மான் ஆலையில் பெண்கள் சம்பளம் கேட்டு நின்றார்கள். வாரக்கூலி தேய்ந்து தேய்ந்து சில பெசோக்களாகியிருந்தது; வீடு போய்ச் சேரப் பஸ் காசுகூட இல்லை. பணத்தோடு வருகிறோம் என்று போன முதலாளிகள் வரவில்லை. அன்றிரவு பெண்கள் அங்கேயே தங்கினார்கள். ஆலையைக் கைப்பற்றும் திட்டமெல்லாம் அவர்களிடம் இருக்கவில்லை, வேலை வேண்டும், அவ்வளவுதான். நாள்கள் ஓடின. தையல் மெஷின்களை அவர்களே ஓட்டத் தொடங்கினார்கள்.

இதேபோல் தொழிலாளர்கள் கைப்பற்றிய சிலாவெர்ட் அச்சகத்தின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. எட்டே பேர். 2002இல் வாசலில் போலீஸ் காவல் நிற்க, உள்ளே ஒரு புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தது. வெளியே கொண்டுபோக வழியில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டார்கள். அடித்த பிரதிகள் அதன் வழியே அண்டைவீட்டார் கைக்குப் போயின. பிறகு அடைக்கப்பட்ட அந்த ஓட்டைக்குச் சட்டம் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அக்கம்பக்கத்தார் துணை நிற்காத இடத்தில் எந்த ஆலையும் தப்பியிருக்காது. தெற்கே நெவ்கேன் மாநிலத்தில் ஸனோன் ஓடு ஆலைத் தொழிலாளர்களுக்கு, அருகிலிருந்த சிறைக் கைதிகளே தங்கள் சாப்பாட்டில் பங்கு கொடுத்தார்கள். மாபுச்சே பழங்குடியினர் களிமண் தந்தார்கள். 'முதலாளி இல்லாத ஆலை' என்று பெயர் மாறிய அங்கே சம்பளம் எல்லோருக்கும் ஒன்றுபோல வைக்கப்பட்டது. வேலையில்லாதோர் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். நீண்ட காலம் கேட்டும் கிடைக்காத சுகாதார நிலையத்தை ஏழைக் குடியிருப்பொன்றுக்கு ஆலையே கட்டிக்கொடுத்தது.

எல்லாம் நிலைக்கவில்லை. தொழிலாளர்கள் 2003 முதல் நடத்திவந்த பவென் ஹோட்டல் 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்டது. சட்டமோ ஆமை வேகத்தில்தான் வந்தது. ஸனோனை மாநிலம் கையகப்படுத்தித் தொழிலாளர்களிடம் ஒப்படைக்க 2009 ஆயிற்று. 2011இல் திவால் சட்டம் திருத்தப்பட்டு, சம்பளப் பாக்கியை விலைக்கு ஈடாகக் கழித்து ஆலையை வாங்கும் உரிமை தொழிலாளர் கூட்டுறவுக்குக் கிடைத்தது. பத்தாண்டு முன்பே இது இருந்திருந்தால், 2003 ஏப்ரலில் ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்டு, தங்கள் மெஷின்களிடம் திரும்பப் போன ப்ருக்மான் பெண்கள்மீது கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்திருக்காது.