எட்டாத பறவையும் எட்டிய விலையும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பாறைக் குன்றுகளில் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவுக்கே உரிய பறவை. ஜெர்டன் 1845இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இப்பறவை ஏறத்தாழ 20 செ.மீ. நீளமே உடையது, ஆளரவம் கேட்டால் புதருக்குள் மறையும். இதனைப் படமெடுக்கத் தொலைநோக்கு லென்ஸ் இன்றியமையாதது.

அதனை யார் வாங்க முடிந்தது என்பது தனி வரலாறு. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) ஒரு கேமராவின் உடலோடு வேறொன்றின் லென்ஸைத் தாமே பொருத்தி, அந்தக் கூட்டுக்கருவிக்குச் 'சூப்பர் பாண்டரோசா' எனப் பெயரிட்டார். 1959இல் ஃபோக்ட்லாண்டர் வெளியிட்ட ஜூமார், 35 மி.மீ. நிழற்படக் கேமராவுக்கு ஜூம் லென்ஸைத் தந்தது; ஆயினும் அதன் எல்லை 82 மி.மீ. மட்டுமே. டாம்ரான் 2013இல் அறிவித்த 150–600, சிக்மாவின் 2014ஆம் ஆண்டு 150–600, நிக்கானின் 2015ஆம் ஆண்டு 200–500 ஆகியவையே நெடுந்தொலைவை நடுத்தர வருவாயினருக்கு நெருக்கமாக்கின.

விலை குறைந்தபோது ஒளியும் குறைந்தது. 600 மி.மீ.இல் எஃப்/6.3 திறப்பு, விலைமிக்க எஃப்/4 லென்ஸ் ஏற்கும் ஒளியில் ஐந்தில் இரு பங்கையே ஏற்கும். விடியலில் சேஷாசலப் பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு 500 மி.மீ.இல் எஃப்/5.6 தரும் நிக்கான் பொருந்தலாம்; வெயில் ஏறியபின் திறந்த பாறைவெளியில் 600 மி.மீ. பயன்தரும். ஆகவே லென்ஸைத் தெரிவுசெய்யுமுன் பறவையின் பொழுதையும் இடத்தையும் அறிதல் வேண்டும், அவ்வறிவுக்கு விலையில்லை.