நவீன அடிமைத்தனமும் நியாய வணிகமும்: தேவாலயம் எதை வாங்குகிறது?

கடன், மிரட்டல், கடப்பிதழைப் பிடித்து வைத்தல் போன்றவற்றால் ஒருவரை வேலையிலிருந்து விலக முடியாதபடி கட்டிப்போடுவதே நவீன அடிமைத்தனம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் அதன் பங்காளி அமைப்புகளும் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியுள்ளனர்.

மலாக்கா தோட்டத் தமிழர்களுக்கு இது அந்நியமான கதை அல்ல. நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை டான் சாய் யான் 1896-இல் இங்குள்ள புக்கிட் லிந்தாங்கில்தான் தொடங்கினார். அக்காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாக மலாயா வந்த தமிழர்கள் கப்பல் செலவைக் கடனாகச் சுமந்துகொண்டே கரை இறங்கினர். ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. அம்முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. இன்று செம்பனைக் குலை அறுக்கும் வங்காளதேசியோ இந்தோனேசியரோ ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தைக் கடனாகச் சுமக்கிறார். பெயர்தான் மாறியிருக்கிறது.

வாங்க மறுப்பதை ஆயுதமாக்கியதில் கிறிஸ்தவர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதா 1791-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றதும், குவேக்கர்கள் உள்ளிட்ட பலர் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைப் புறக்கணித்தனர். சுமார் 3 லட்சம் பேர் அதைக் கைவிட்டதாகத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். ஆனால் 1834-இல் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தபின், கரும்பு முதலாளிகள் இந்திய ஒப்பந்தக் கூலிகளைத் தேடினர். செபராங் பிறை கரும்புத் தோட்டங்களில் அந்த வேலைக்கு வந்தவர்கள் தமிழர்களே.

இன்றைய நியாய வணிகத்துக்கும் தேவாலய வேர் உண்டு. மெக்சிகோ காப்பி விவசாயிகளுடன் பணியாற்றிய பாதிரியார் ஃபிரான்ஸ் வான் டெர் ஹோஃப்பின் முயற்சியால் 1988-இல் நெதர்லாந்தில் ‘மாக்ஸ் ஹவெலார்’ முத்திரை பிறந்தது. விவசாயிக்குக் குறைந்தபட்ச விலையும், அதற்கு மேல் சமூகத் தேவைகளுக்கென ஒரு தொகையும் தருவது இத்தகைய முத்திரையின் அடிப்படை.

அந்த முத்திரை பெரும்பாலும் காப்பி, தேயிலை, கொக்கோ, வாழைப்பழம் ஆகியவற்றுக்கே பொருந்தும். நம் சமையலறைப் பாமாயிலுக்கு எம்எஸ்பிஓ, ஆர்எஸ்பிஓ சான்றிதழ்கள் உள்ளன. இங்கே எச்சரிக்கை தேவை. ஆர்எஸ்பிஓ சான்றிதழ் பெற்றிருந்த சைம் டார்பி பிளாண்டேஷன் (இப்போது எஸ்டி கத்ரி) நிறுவனத்தின் பாமாயிலைக் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின்பேரில் அமெரிக்கா 2020 டிசம்பரில் தடுத்தது. நிலைமை சீரமைக்கப்பட்ட பின் 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. டாப் குளோவ் கையுறைகளுக்கும் 2020 ஜூலையில் தடை விழுந்தது. தொழிலாளர்களுக்கு 3 கோடி டாலருக்கும் மேல் வழங்கப்பட்டு, வேலை, தங்குமிட நிலைமைகளும் மேம்பட்ட பிறகே 2021 செப்டம்பரில் அது விலகியது. சான்றிதழ் சாதிக்காததை, வாங்குபவர் கதவடைத்தது சாதித்தது.

மலேசியாவில் இவ்விரு முனைகளையும் இணைத்தவர் ஐரின் பெர்னாண்டஸ். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த அவர், ஆசிரியப் பணியைத் துறந்து இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்திலும், பின்னர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் உழைத்தார். 1991-இல் தெனாகானித்தா அமைப்பை நிறுவினார்.

நியாய வணிகக் காப்பி விலை கூடுதல். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் தோட்டக் குடும்பத்திடம் அதை வாங்கச் சொல்வது நியாயமாகாது. பங்கின் கொள்முதல் வேறு. பூசைக்குப் பிந்தைய தேநீர், திருவிழாச் சமையல் எண்ணெய், பாடகர் குழுச் சீருடை, கிறிஸ்துமஸ் பரிசுக் கூடை எல்லாம் மொத்தமாக வாங்கப்படுகின்றன. மொத்தமாக வாங்குபவரின் கேள்விக்குக் கடைக்காரர் பதில் தேடித்தான் ஆக வேண்டும். வேலைக்கு எடுக்கும் செலவை யார் கட்டினார்? தொழிலாளியின் கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது? அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அவசரப்பட்டு வாங்குவதை நிறுத்தினால் முதலில் வேலை இழப்பவர் அந்தத் தொழிலாளியே என்பதால், கேள்வியும் கால அவகாசமும் முதலில் வர வேண்டும்.

முன்னாள் அடிமையான புனித ஜோசப்பின் பக்கித்தாவின் திருநாளான பிப்ரவரி 8, 2015 முதல் மனித வணிகத்துக்கு எதிரான கத்தோலிக்க மன்றாட்டு நாளாக உள்ளது. கொள்முதல் பட்டியலைப் பங்குப் பேரவை மேசையில் வைக்க அந்த வாரம் பொருத்தமானது. கட்டாய உழைப்பு பற்றிய புகார்களைத் தொழிலாளர் இலாகாவின் ‘வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்’ செயலி வழியாகவும் அளிக்கலாம்.