சைக்கோபதி: ஒரு சொல்லின் வரலாறும் தவறான புரிதல்களும்

சைக்கோபதி என்பது பரிவின்மை, குற்றவுணர்வின்மை, வஞ்சகம், பொறுப்பின்மை ஆகியவை நீண்டகாலமாக நிலைத்திருக்கும் ஆளுமை நிலையாகும். பேச்சு வழக்கில் 'சைக்கோ' என்ற சொல் மனநோயாளியையும் கொடூரக் கொலையாளியையும் ஒருவராகவே காட்டுகிறது. இக்கருத்து உருவான வரலாறோ இதற்கு நேர்மாறானது.

பித்து என்றாலே அறிவுக் குழப்பம் என்று கருதப்பட்ட காலத்தில், பிரெஞ்சு மருத்துவர் பிலிப் பினேல், அறிவு தெளிவாக இருந்தும் வெறிச்செயல்களில் ஈடுபடுவோரைக் கண்டார். 1801இல் வெளியான தம் நூலில் அந்நிலையைப் 'பிரமையற்ற பித்து' என விவரித்தார். 1891இல் செருமானிய மருத்துவர் கோக் 'சைக்கோபதி' சார்ந்த சொல்லைப் பலவகை ஆளுமைக் குறைபாடுகளுக்குப் பொதுவாகப் பயன்படுத்தினார். அது குற்றவாளிகளை மட்டும் சுட்டவில்லை.

இன்றைய பொருளுக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி. 1941இல் வெளியான அவரது நூலில் வருவோரில் பெரும்பாலோர் கொலையாளிகள் அல்லர். இனிமையாகப் பேசி நம்பிக்கை பெற்று, பொய் சொல்லி, வாக்குத் தவறி, குடும்பத்தைக் கைவிட்டு, வருத்தமின்றி வாழ்ந்தவர்கள் அவர்கள். வணிகர், மருத்துவர் போன்றோரிடமும் இத்தன்மை காணப்படலாம் என்றார். பிரமை இல்லாமையையும் இந்நிலையின் அடையாளங்களுள் ஒன்றாகக் குறித்தார்.

கொலையாளிப் பிம்பம் வலுப்பெறத் திரைப்படங்களும் காரணமாயின. 1960இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தின் கொலையாளி, இறந்த தாயாகவே தன்னைக் கருதி நடப்பவன். கிளெக்லியின் விவரிப்புக்கு அவன் பொருந்துவதில்லை.

கனடாவின் ராபர்ட் ஹேர் சிறைக்கைதிகளை ஆராய்ந்து உருவாக்கிய மதிப்பீட்டுப் பட்டியலின் திருத்திய வடிவம் 1991இல் வெளியானது. அதில் 20 கூறுகள் உள்ளன. உச்ச மதிப்பெண் 40. பயிற்சி பெற்றவர், நேர்காணலோடு ஆவணங்களையும் ஆராய்ந்தே மதிப்பெண் இட வேண்டும். சிறையில் பிறந்த கருவி என்பதால் சைக்கோபதிக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பு மக்கள் மனத்தில் மேலும் இறுகியது. 1980 முதல் அமெரிக்க மனநலக் கையேட்டில் இடம்பெறும் 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' இதனோடு தொடர்புடையது; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

இந்தக் குழப்பத்தால் இருவகைத் தீங்கு நேர்கிறது. குரல்கள் கேட்பதாகச் சொல்லும் நோயாளி, கொலையாளி போல அஞ்சி ஒதுக்கப்படுகிறார்; அந்த அவமானத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார். மறுபுறம், வெறித்த பார்வையை எதிர்பார்க்கும் மக்கள், சிரித்த முகத்துடன் தொடர்ந்து சுரண்டுபவரை அடையாளம் காண்பதில்லை. அதேவேளை, ஒருமுறை பொய் சொன்னவரையோ கடுமையாகப் பேசியவரையோ சைக்கோபத் என்று அழைப்பதும் தவறு. வாழ்க்கை முழுவதும் தொடரும் நடத்தையைக் கொண்டே வல்லுநர் இதனை முடிவு செய்ய இயலும்.