விண்கலங்களின் பணி முடிவு

பிற கோள்களுக்குச் செல்லும் ஆளில்லா விண்கலங்களில் இதுவரை எதுவும் பூமிக்குத் திரும்பியதில்லை. போன இடத்தில் அவை எப்படி முடிய வேண்டும் என்பது தொடக்க காலத்தில் பெரிய கவலையாக இருக்கவில்லை. பேட்டரி தீர்ந்தாலோ, சூட்டில் கருவிகள் பழுதானாலோ பணி முடிந்தது. 1970 டிசம்பர் 15இல் வெள்ளியில் இறங்கிய சோவியத்தின் வெனேரா 7, தரையிலிருந்து 23 நிமிடங்களே சமிக்ஞை அனுப்பியது. 1982இல் அங்கே இறங்கிய வெனேரா 13 கலத்துக்கு 32 நிமிட ஆயுள்தான் கணித்திருந்தார்கள்; சுமார் 460 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது.

செவ்வாயில் 1976 முதல் இயங்கிய வைக்கிங் 1 இறங்குகலம் முடிந்த விதம்தான் இவற்றில் மிகப் பரிதாபமானது. 1982 நவம்பரில், பேட்டரியின் தேய்வைச் சரிசெய்யப் பூமியிலிருந்து அனுப்பிய கட்டளை, ஆன்டெனாவைத் திருப்புவதற்கான தரவுகளை அழித்துவிட்டது. அதன்பின் தொடர்பு கிடைக்கவே இல்லை. பழுது பார்க்கப் போய் நேர்ந்த முடிவு அது.

திட்டமிட்டு முடிப்பதும் பழைய வழக்கமே. 1966இல் லூனார் ஆர்பிட்டர் 1, அடுத்த கலத்தின் வானொலித் தொடர்புக்கு இடைஞ்சலாகக் கூடாதென்று நிலவில் மோதவிடப்பட்டது. 1994இல் மெகல்லன் வெள்ளியின் வளிமண்டலத்துக்குள் இறக்கப்பட்டபோது, அந்த இறக்கமே ஓர் ஆய்வாகப் பயன்பட்டது.

ஆனால் முடிவை ஒரு கடமையாக்கியது கலிலியோவின் வெற்றி. 1995இல் வியாழனை அடைந்த இந்தக் கலம், யூரோப்பா நிலவின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருப்பதற்கான சான்றுகளைத் தந்தது. கலமோ முழுமையாகக் கிருமிநீக்கம் செய்யப்படாதது. எரிபொருள் தீர்ந்து கட்டுப்பாடு இழந்தால், என்றாவது யூரோப்பாவில் மோதிப் பூமியின் நுண்ணுயிர்களைக் கொண்டுசேர்க்கலாம். பிற விண்பொருள்களை மாசுபடுத்தலாகாது என்கிறது 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம். எனவே 2003 செப்டம்பர் 21இல் கலிலியோ வியாழனுக்குள் செலுத்தப்பட்டு எரிந்தது.

இதே காரணத்துக்காகத்தான் சனியை 2004 முதல் சுற்றிய காசினியும் முடிக்கப்பட்டது. என்சலடஸ் நிலவிலிருந்து நீராவி பீறிடுவதை அது கண்டறிந்திருந்தது. சனியின் மற்றொரு நிலவான டைட்டனும் காக்கப்பட வேண்டியிருந்தது. 2017 ஏப்ரல் முதல் காசினி கோளுக்கும் வளையங்களுக்கும் இடையிலான குறுகிய வெளியில் 22 சுற்றுகள் வந்தது. கலம் புதிதாக இருந்த காலத்தில் இத்தகைய ஆபத்தான பாதையை யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் 15இல் சனியின் வளிமண்டலத்துக்குள் பாய்ந்தபோது, உந்துபொறிகள் கடைசிவரை ஆன்டெனாவைப் பூமியை நோக்கி நிறுத்தப் போராடின. இறுதிச் சமிக்ஞை நமக்கு வந்துசேர 83 நிமிடங்கள் ஆயின. இதுவரையிலான முடிவுகளில் அறிவியலுக்கு அதிகம் ஈட்டித்தந்தவற்றுள் இதற்கு முதலிடம் தரலாம்.

எல்லாக் கலங்களுக்கும் இந்த வசதி வாய்ப்பதில்லை. புதனைச் சுற்றிய மெசஞ்சர், எரிபொருள் தீர்ந்தபின் தொட்டியை அழுத்தத்தில் வைத்திருந்த ஹீலியத்தையே பீய்ச்சிச் சிறிது காலம் தாக்குப்பிடித்து, 2015 ஏப்ரல் 30இல் புதனில் மோதியது. ஆறு மாதத்துக்கெனச் செவ்வாய்க்கு அனுப்பப்பட்ட இந்தியாவின் மங்கள்யான் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் உழைத்தது. 2022 ஏப்ரலில் நீண்ட கிரகணத்துக்குப்பின் தொடர்பு அறுந்தது. உந்து எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டும் என்று இஸ்ரோ அறிவித்தது. சூரியனை விட்டு விலகிச் செல்லும் வாயேஜர் கலங்கள் இரண்டும் எதிலும் மோதப்போவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 4 வாட் மின்சாரம் குறைந்துவருவதால் கருவிகள் ஒவ்வொன்றாக அணைக்கப்படுகின்றன.

இன்று முடிவையும் சேர்த்தே பயணம் வகுக்கப்படுகிறது. 2023இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ஜூஸ், வியாழனின் கேனிமீட் நிலவைச் சுற்றி ஆய்ந்தபின் அதன்மீதே மோதவிடப்படும் என்பது திட்டத்தின் ஒரு பகுதி.