ஒரு பானைச் சோறும் ஒரு பருக்கையும்
புள்ளியியல் வளர்ந்த வரலாறு

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் பழமொழி. சிறு பகுதியைக் கொண்டு முழுமையை அறியும் புள்ளியியல் கல்வியின் வித்து இதில் அடங்கியிருக்கிறது. ஆனால், பானைச் சோறு ஒரே கொதியில் வெந்தது. ஆதலால் ஒரு பருக்கை போதும். காவிரியும் குடமுருட்டியும் பாயும் நம் திருவையாறு வட்டாரத்து வயல்கள் அத்தகையன அல்ல. தலைமடையில் செழித்த நெல் கடைமடையில் வாடும்; மேட்டில் தப்பிய சம்பா பள்ளத்தில் மூழ்கும். இங்கே எத்தனை பருக்கைகள் எடுப்பது? எங்கிருந்து எடுப்பது? இவ்விரு வினாக்களுக்கும் மனித அறிவு விடை கண்ட வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

எத்தனை எடுப்பது?

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தீ, மறைமொழிக் கடிதங்களை விடுவிக்கும் முறை குறித்து ஒரு ரிஸாலா இயற்றினார். எந்த மொழியிலும் எல்லா எழுத்துகளும் சம அளவில் வருவதில்லை. அரபியில் அலிஃபும் லாமும் மிகுதி. வேறு சில எழுத்துகள் அரிது. தெளிவான நூலொன்றில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என எண்ணி, மறைமொழிக் கடிதத்திலும் அவ்வாறே எண்ணி, இரண்டையும் ஒப்பிட்டால் மறைபொருள் வெளிப்படும் என்று அவர் காட்டினார். எண்ணிக்கையைக் கொண்டு அறியாததை அனுமானிக்கும் முறைக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று.

13ஆம் நூற்றாண்டின் அறிஞர் இப்னு அத்லான் இதை மேலும் செம்மைப்படுத்தினார். கடிதத்தில் ஏறத்தாழ 90 எழுத்துகளாவது இருந்தாலன்றி இம்முறை கைகொடுக்காது என்றார். மாதிரி மிகச் சிறிதானால் முடிவு பிழைக்கும் என்பதே இதன் கருத்து.

1654இல் பிரான்சு நாட்டின் பாஸ்கலும் ஃபெர்மாவும் பகடையாட்டம் பற்றிய ஒரு சிக்கலைக் கடிதங்கள் வழியே ஆராய்ந்தனர். சூது விலக்கப்பட்டதே, எனினும் அந்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த நிகழ்தகவுக் கணிதம் உலகுக்குப் பயனளித்தது. நாணயத்தைச் சுண்டினால் தலை விழும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பத்து முறை சுண்டி ஏழு முறை தலை விழுந்தால் வியப்பில்லை. ஆயிரம் முறை சுண்டி எழுநூறு முறை விழுவதோ ஏறக்குறைய நடவாத காரியம். எண்ணிக்கை பெருகப் பெருக, கிடைக்கும் விகிதம் உண்மையை நெருங்கும் என்பதை ஜேக்கப் பெர்னூலி நிறுவினார். அவர் மறைவுக்குப் பின் 1713இல் அந்நூல் வெளியாயிற்று.

எங்கிருந்து எடுப்பது?

இரண்டாம் வினாவுக்கான விடையின் சாயலை நம் சோழநாட்டு ஆட்சி முறையிலேயே காணலாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். எடுக்கும் கைக்கு விருப்பும் வெறுப்பும் இருக்கலாகாது என்பதே இதன் நுட்பம். 'சமவாய்ப்பு' என்று இன்று புள்ளியியலார் கூறுவதும் இதுவே.

வயலுக்கு இந்த நீதி வரப் பல நூற்றாண்டுகள் சென்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் விளைச்சலைக் கண்ணால் பார்த்து 'இத்தனை அணா விளைச்சல்' என மதிப்பிடுவதே வழக்கமாயிருந்தது. 1920களில் பீகார், ஒரிசாப் பகுதிகளில் ஹப்பக் என்ற அதிகாரி, சமவாய்ப்பு முறையில் தேர்ந்த சிறு துண்டுகளில் நெல்லை அறுத்து நிறுத்துப் பார்த்தார். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மகலனோபிஸும், வேளாண் ஆராய்ச்சித் துறையில் பணியாற்றிய சுகாத்மேயும் இம்முறையை விரிவாக்கினர். துண்டு மிகச் சிறியதாயின் எல்லையோரத்துப் பயிரையும் உள்ளே சேர்த்துவிடும் இயல்பினால் விளைச்சல் கூடுதலாகத் தோன்றும் என்பதும் அவர்கள் காலத்தில் தெளிவாயிற்று.

நம் வயலில் இக்கணக்கு

இன்று நெற்பயிரில் நடைபெறும் அறுவடைப் பரிசோதனை இந்த வரலாற்றின் தொடர்ச்சியே. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர் பரப்பில் அறுத்துக் கதிரடித்து நிறுக்கின்றனர். எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். எனவே கிடைத்த எடையை 400ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நான்கு இடங்களில் 12, 13, 15, 16 கிலோ கிடைத்தால் சராசரி 14; எக்டேருக்கு 5,600 கிலோ. வேறோர் ஊரில் 4, 8, 20, 24 கிலோ கிடைத்தாலும் சராசரி அதே 14தான்! ஆனால் அங்கே இருவர் வயல்கள் அழிந்துள்ளன. சராசரியோடு அதைச் சுற்றிய சிதறலையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சிதறல் மிகுந்தால் மாதிரிகளும் மிகுதியாக வேண்டும்.

2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் இப்பரிசோதனையின் முடிவைக் கொண்டே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. தன் வயல் நீரில் அழுகிக் கிடக்க, ஊர்ச் சராசரி நன்றாக இருப்பதாகக் கூறி இழப்பீடு மறுக்கப்படும் விவசாயியின் வேதனையை நாம் அறிவோம். வேதனையை மட்டும் சொன்னால் கேட்பார் இல்லை. புல எண் சமவாய்ப்பில் எடுக்கப்பட்டதா? அளவுக் கயிறு சரியாக விழுந்ததா? நெல் எவர் முன்னிலையில் நிறுக்கப்பட்டது? இவ்வாறு கேட்கத் தெரிந்தவருக்கே விடை சொல்லியாக வேண்டும்.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை என்பது தராசுத் தட்டோடு முடிவதில்லை. எதை நிறுக்கத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே அது தொடங்குகிறது. சராசரி, சிதறல், சமவாய்ப்பு ஆகிய மூன்றையும் பத்தாம் வகுப்புப் படிக்கும் நம் பிள்ளைகள் எளிதில் கற்கலாம். அடுத்த அறுவடைப் பரிசோதனை நடைபெறும்போது அவர்கள் தாளும் எழுதுகோலுமாய்த் தம் பெற்றோருடன் வரப்பில் நிற்பார்களாயின், அக்கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும்.